கைக்குட்டைகள் நிரம்பிய பஸ்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு எனக்குப் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்பா சுரங்கத்திலிருந்து கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது ஓர் இருமல். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இருமும்போது அவரை நிமிர்த்தி உட்கார வைக்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் ஊரிலிருந்தே தினமும் ரயிலில் போய் வந்தேன்.

ரயிலில் தொல்லை இல்லை. ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் நடுவில்தான் தொல்லை. மாலையில் ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சி முடிப்பதற்குள் ரயில் போய்விடும். எத்தனை நாள் இப்படி ஓடுவது, பேசாமல் பெங்களூரில் ஹாஸ்டல் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் மேனேஜர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய், புகையைப் பற்றிய கவலையோடு திரும்பினார். ஸ்டேஷனுக்குக் கம்பெனி பஸ் விட்டால் ஆட்டோ குறையும், கார் குறையும், நகரம் நன்றாகச் சுவாசிக்கும் என்றார். நகரத்தைப் பற்றி எனக்குத் தனியாக அபிப்பிராயம் எதுவும் இல்லை. பஸ் மாலை ரயிலைப் பிடித்துவிடும் என்பது மட்டும் காதில் விழுந்தது.

பஸ் வந்தது. ஆனால் அது வெறும் சோதனை ஓட்டம். ஒருநாள் காலை பெரிய அதிகாரிகள் கேட்டில் நின்று பார்ப்பார்கள், பஸ் நிரம்பி வந்தால் தொடரும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார்கள்.

எங்கள் ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஏறுகிறவர் தன் கூட்டத்துக்கெல்லாம் கைக்குட்டை, டிபன் பாக்ஸ், துப்பட்டா என்று போட்டு இடம் பிடிப்பார். கைக்குட்டை விழுந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தாயிற்று என்று அர்த்தம். அதை எடுத்துப்போட்டுவிட்டு உட்காரும் அளவுக்குத் தங்கவயலில் யாரும் கெட்டுப்போகவில்லை.

அதிகாரிகள் வருகிற அன்று ஒரு சீட்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்று, என்னைப்போல் அதே கம்பெனிக்குப் போகும் தங்கவயல்காரர்கள் நிறைந்த எங்கள் ரயில் பெட்டி முடிவு செய்தது. ரயில் நின்றதும் நாங்கள் ஏழெட்டுப் பேர் முன்னால் ஓடிப்போய், பின்னால் வருகிறவர்களுக்காகப் பஸ் முழுக்கக் கைக்குட்டை போட்டு வைத்தோம். பின்னால் வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"ஃபுல்லாயிடுச்சுப்பா, எவனோ புட்ச்சு வெச்சிக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் மரியாதையாக ஆட்டோவில் ஏறினார்கள். "உங்களுக்குத்தாண்ணா!" என்று நான் கத்தியது ஆட்டோ சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. டிரைவர் கன்னடக்காரர், நேரம் தவறாதவர். கிளம்பிவிட்டார்.

கேட்டில் மேனேஜர் பஸ்ஸுக்குள் ஏறினார். எங்களைப் பார்த்தார். சீட்டுகளைப் பார்த்தார். ஒரு நீலக் கைக்குட்டையை விரல் நுனியால் தூக்கினார்.

"ஆளுங்க எங்கம்மா?"

"அதான் சார் ஆளு."

"வாட்?"

"அந்த அண்ணன் ஆட்டோல வர்றாரு சார்."

சொல்லி வாய் மூடுவதற்குள் எங்கள் ஆட்கள் ஆட்டோ ஆட்டோவாக, புகையைக் கிளப்பிக்கொண்டு, அதிகாரிகளைத் தாண்டி உள்ளே போனார்கள். எங்களைப் பார்த்துக் கையும் ஆட்டினார்கள்.

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போய், பஸ் நின்றால் அப்பா தனியாகிவிடுவார் என்று சொல்லி அழுதேன். அவர் நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார். பஸ்ஸை அந்த மாதக் கடைசியோடு நிறுத்தினார்கள். நான் ஹாஸ்டலுக்குப் போனேன்.

அந்த வருடம் ஆபீசில் சுற்றுச்சூழல் தின விழா நடந்தது. கம்பெனி மிச்சப்படுத்திய டீசல் என்று மேடையில் வாசித்ததில், நிறுத்திய எங்கள் பஸ்ஸும் ஒன்று. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நானும் தட்டினேன்.

சாயங்காலம் பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர் ஹலோ சொல்வதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன். அங்கே அவரை நிமிர்த்தி உட்கார வைக்க யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சாப்டியாம்மா?" என்றார், மூச்சு திரும்பியதும்.