ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் வளையம்

எட்டு வயதுப் பிள்ளையின் கையில் நிஜ எஞ்சினின் கயிற்றைக் கொடுக்கலாமா?

என் கணவருக்கு புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. உடன் வேலை செய்பவர் விற்ற பழைய நைட்ரோ லாரி ஒன்றை மகளுக்காக வாங்கி வந்தார். பார்க்க விளையாட்டுச் சாமான், ரிமோட்டில் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது எரிபொருள் எண்ணெய் ஊற்றி ஓட்டும் எஞ்சின். புல்வெட்டும் இயந்திரம் போலக் கயிற்றைச் சுண்டி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அது போடும் சத்தத்துக்கு எங்கள் அடுக்குமாடியில் ஓட்ட முடியாது. தாசேக் கெலுகோரில் அந்த நண்பரின் வீட்டருகே ஒரு திடல் இருக்கிறது, அங்கேதான் ஓட்டுவார்கள். வரும் ஞாயிறு நீயே கிளப்பு என்று கணவர் மகளிடம் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அந்த வாரம் வரவேற்பறையில் எண்ணெய் ஊற்றாமல் அவள் இழுத்துப் பழகியபோது, கயிறு கனமே இல்லாமல் வந்தது. எஞ்சின் அசையவில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஒன்வே பேரிங் தேய்ந்துவிட்டது என்றார் கணவர். சின்ன வளையம், உள்ளே ஊசி போல உருளைகள். ஒரு பக்கம் சுற்றினால் தண்டை இறுகப் பிடித்து எஞ்சினையும் சுற்ற வைக்கும், மறுபக்கம் சும்மா சுழலும். அவருக்கு ஓவர்டைம் இருந்ததால் புதியது வாங்கி மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

ஜார்ஜ் டவுனில் அந்தச் சாமான் விற்கும் கடையில், மகனுக்கா என்று சீனக் கடைக்காரர் மலாயில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மகள் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் பழைய நாளிதழை விரித்து, எஞ்சினின் பின்பக்கம் இருந்த நான்கு திருகுகளைக் கழற்றி, பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். சீக்கிரம் தேயக் கூடாதே என்று உள்ளே நன்றாகக் கிரீஸ் அப்பினேன். எதிலும் கொஞ்சம் கூடுதலாகவே செய்வது என் வழக்கம். மகள் இழுத்துப் பார்த்தாள். கயிறு முன்போலவே சும்மா வந்தது. அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

கடையில் தவறான சாமானைக் கொடுத்துவிட்டார்கள், இது இனி ஓடாது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஞாயிறு தானாகக் கடந்துவிடும். அவள் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்படித் தோன்றியதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. வளையத்தை மறுபடி கழற்றிப் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். ஓய்வு நேரத்தில் அழைத்தார்.

“ஏன்மா, இடியாப்ப அச்சுக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவி வச்சிருக்கே? அது பிடிக்கணும்லா. இவ்ளோ போட்டா வழுக்கத்தான் செய்யும்.”

மருந்துப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டால் வளையத்தையும் தண்டையும் கழுவித் துடைத்து, காய்ந்ததும் மாட்டினேன். இந்தமுறை நானே இழுத்தேன். எஞ்சின் கையைப் பிடித்து எதிர்த்தது, பிறகு இணங்கிச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை திடலில் கணவர் எண்ணெய் ஊற்றிவிட்டு ஒதுங்கினார். நான் மகளுக்குப் பக்கத்தில் குனிந்து, கயிற்றை முழுக்க இழுக்காதே, சூடான இடத்தைத் தொடாதே, முகத்தைத் தள்ளி வை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் இழுத்தாள், கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தாள். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். நீங்க பாத்தா எனக்கு இழுக்க வரல.”

கார் வரை நடந்து போய் நின்றேன். முதுகைத் திருப்பிக்கொண்டேன். எஞ்சின் கிளம்பிய சத்தம் கேட்டது. அவள் சிரிப்பும் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது லாரி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை எண்ணெயையும் தானே ஊற்றப் போவதாகச் சொல்கிறாள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: நீங்கள் எவ்வளவு தூரம் தள்ளி நின்றீர்கள்? நின்ற இடத்தில் கைகளை என்ன செய்தீர்கள்?