தூங்குகிற புலியும் செகண்ட் ஷிப்ட் பஸ்ஸும்

1. வாக்குறுதி

புலி என்றால் பகல் முழுவதும் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே இருக்கும் என்று நான் மனதார நம்பினேன். இருபத்து மூன்று வயது வரைக்கும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாற்பது பிள்ளைகளுக்கு வாக்கு வேறு கொடுத்தேன். “நாம போய் நின்னதும் எழுந்து வந்து ஒரு உறுமு உறுமும் பாருங்க, அடிவயிறு கலங்கிடும்” என்றேன். கலங்கியது என்னவோ என் அடிவயிறுதான்.

அது 1991, ஏப்ரல் மாதக் கடைசி. ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் முகாம் அமைப்பாளர். வருடம் முழுக்க சாயங்கால வகுப்பு, கோடையில் பத்து நாள் முகாம், இவ்வளவுதான் வேலை. வல்லம் வடகால் பள்ளிக்கூடத்தில் முகாம். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் பென்னலூர் தாண்டி இருந்த ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார்கள். மீதிப் பேர் வயலில் இருந்தார்கள், அல்லது அந்தக் கம்பெனியில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமின் கடைசி நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. அதற்காக ஒரு வாரமாகத் தயாரானோம். கம்பெனி கொடுத்த காலி அட்டைப் பெட்டிகளை வெட்டி, மஞ்சள் பூசி, கரிக்கோடு போட்டு, நாற்பது புலி முகமூடி செய்தோம். எனக்கென்று செய்துகொண்ட நாற்பத்தொன்றாவது மட்டும் பூனை மாதிரி வந்துவிட்டது. பிள்ளைகள் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. “மியாவ் சார்” என்று மட்டும் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸும் கம்பெனியுடையதுதான். பெர்சனல் ஆபீசர் ராகவன் சாரிடம் போய்க் கேட்டேன். காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டால், மத்தியானம் செகண்ட் ஷிப்ட்டை ஏற்றப் போகும் வரை பஸ் சும்மாதானே நிற்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

பஸ் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன். நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகளை ஒவ்வொருவராக மடியில் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்டதால் கிளம்பும் முன்பே அவர்தான் ஹீரோ. என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு மணிக்கெல்லாம் ஒரகடம் கூட்ரோட்டுல சுத்துப்பட்டு ஊரு செகண்ட் ஷிப்ட் ஆளுங்க எல்லாம் நிப்பாங்க. போன மாசம் ஒரு தபா லேட்டு ஆயிடுச்சு. எங்கள வேலைக்கு வச்சிகீற கான்ட்ராக்டரு சொல்லிட்டாரு, இன்னொரு தபா லேட்டுன்னா சாவிய குடுத்துட்டு வூட்டுக்கு போய்னே இருன்னு. எனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது.”

“பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேரும் பஸ்ஸுல இருப்பாங்கண்ணே. நான் கேரன்டி” என்றேன். புலிக்குக் கேரன்டி கொடுத்த அதே வாய்.

2. உள்ளிருப்பு

குரங்கு, மான், நீர்யானை எல்லாம் கடமை தவறாமல் காட்சி கொடுத்தன. கடைசியாகப் புலி. பெரிய அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு புதர். புதருக்கு அடியில் முதுகு கொஞ்சம், வால் கொஞ்சம். அவ்வளவுதான் புலி. மீதி எல்லாம் தூக்கம்.

நாற்பது முகமூடிகளும் கம்பி ஓரம் வரிசையாக நின்று பார்த்தன. பிறகு நாற்பதும் என் பக்கம் திரும்பின.

“இப்போ எழுந்துக்கும்” என்றேன்.

எழுந்துகொள்ளவில்லை. கை தட்டினேன். நானே ஒரு உறுமு உறுமிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அகழி ஓரம் நின்று கொஞ்சம் குதிக்கவும் செய்தேன். காவலர் ஓடிவந்தார்.

“யோவ், பசங்கள அடக்குவன்னு பாத்தா நீயே இன்னாய்யா ஆட்டம் போட்டுகினு கீற?”

“எப்போங்க எழுந்துக்கும் இது?”

“அதுக்கு இன்னா ஷிப்ட்டா கீது? எழுந்துக்கறப்போ எழுந்துக்கும்.”

பன்னிரண்டு ஆகிவிட்டது. கிளம்பலாம் என்றேன். கோகிலா என்று ஒரு பெண், ஆறாவது முடித்தவள், கம்பெனியில் தொழிற்சங்கச் செயலாளரின் மகள். அவள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் மளமளவென்று நாற்பது பேரும்.

“என்னம்மா இது?”

“உள்ளிருப்பு சார்” என்றாள் கோகிலா. “புலி எழுந்துக்கற வரைக்கும்.”

“வேண்டும் வேண்டும்!” என்று ஒருவன் கத்தினான்.

“புலி வேண்டும்!” என்றது கூட்டம்.

சேர்ந்து நில்லுங்கள், கேள்வி கேளுங்கள், கேட்டதைப் பெறும்வரை விடாதீர்கள் என்று பத்து நாளாகப் பாடம் நடத்தியது யார்? அடியேன்தான். யாரை எதிர்த்து என்று மட்டும் சொல்லித்தர மறந்துவிட்டேன்.

கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

“கோகிலா, கொஞ்சம் இப்படி வாம்மா.”

“தனியால்லாம் வர மாட்டேன் சார். எங்கப்பா சொல்லிகீறாரு, நிர்வாகம் தனியா கூப்ட்டா போவக் கூடாதுன்னு. இன்னா பேசறதுனாலும் எல்லார் முன்னாடியும் பேசுங்க.”

மியாவ் சாராக இருந்தவன் ஒரே நிமிடத்தில் நிர்வாகம் ஆகிவிட்டேன். நிர்வாகம் என்ன செய்யும்? ஆளுக்கு ஒரு ஆரஞ்சு ஐஸ் என்று அறிவித்தேன். தலைகள் கூடிக் கிசுகிசுத்தன. கோகிலா நிமிர்ந்தாள்.

“ஐஸு இடைக்கால நிவாரணம். அத வாங்கிக்கறோம். கோரிக்கை அப்டியேதான் கீது.”

ஐஸ் வந்தது. நாற்பது நாக்குகளும் ஆரஞ்சு நிறமானதுதான் மிச்சம். மணி பன்னிரண்டரை. கெஞ்சினேன். ஒழுங்கு, கட்டுப்பாடு, நேரம் தவறாமை என்று மூன்று தலைப்புகளில் சொற்பொழிவு ஆற்றினேன். மூன்றாவது தலைப்பில் ஒரு பொடியன் கொட்டாவி விட்டான். புதருக்கு அடியில் புலியும் விட்டிருக்கும்.

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“கண்ணுங்களா, செகண்ட் ஷிப்ட்டுல யாரு யாரு அப்பா கீறாங்க?”

பதினைந்து கைகள் எழுந்தன.

“உங்கப்பாங்கள்லாம் இந்த வெயில்ல ரோட்டுல நின்னுகினு கீறாங்க. நம்ம பஸ்ஸு போனாத்தான் ஏறுவாங்க.”

பதினைந்து பேரும் எழுந்து பாவாடை, டிராயர் தட்டிக்கொண்டார்கள். போராட்டம் உடைந்தது! எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. மீதிப் பேரையும் ஒரே வாயில் எழுப்பிவிடலாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பு.

“ஃபர்ஸ்ட் ஷிப்ட் பசங்களே, உங்க அப்பாங்களும்தான் மாட்டிக்குவாங்க. செகண்ட் ஷிப்ட் ஆளு வரலன்னா மெஷின விட்டுட்டு வர முடியாதே! நின்னுகிட்டே இருக்கணுமே!”

கோகிலா யோசித்தாள். அவள் அப்பா அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட்.

“நின்னா ஓ.டி. தானே சார்?”

“என்ன?”

“ரெண்டு மணிக்கு மேல நின்னா ஓ.டி. டபுள் சம்பளம். நின்னுக்கட்டுமே.”

ஃபர்ஸ்ட் ஷிப்ட் பிள்ளைகள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்கள். வயல்காரப் பிள்ளைகள், எந்த ஷிப்ட்டும் இல்லாததால், புலி பக்கமே இருந்துவிட்டார்கள். எழுந்த பதினைந்து பேரில் இரண்டு பேர், அப்பா லேட்டாகப் போனால் சம்பளம் பிடிப்பார்களா மாட்டார்களா என்று சண்டை போட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அகழி ஓரம் நின்று, நானே உள்ளே குதித்துவிட்டால் புலி எழுந்திருக்குமா என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். அதுவும் சந்தேகம்தான்.

ஏகாம்பரம் அண்ணன் தலையாட்டினார். “கரெக்ட்டுதான் கண்ணு. உங்கப்பாவுக்கு ஓ.டி. கெடைக்கும். ஆனா எனுக்கு சீட்டு கிழிஞ்சிரும்.”

கோகிலா நிமிர்ந்தாள். “உங்களுக்கா? ஏன்?”

“லேட்டா போனா வேலைய வுட்டு எடுத்துருவேன்னு சொல்லிகீறாங்க.”

அவ்வளவுதான். அவள் எழுந்துவிட்டாள். “போராட்டம் வாபஸ்!” என்றாள். மீதிப் பேரும் எழுந்தார்கள். என்னைக் கடந்து போகும்போது நின்று, என் மேலதிகாரி மாதிரி கேட்டாள்: “இத ஏன் சார் நீங்க மொதல்லயே சொல்லல?”

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளிடம் ஒழுங்கைப் பற்றி நீட்டி முழக்காதீர்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லிவிடுங்கள், போதும். நான் அரை மணி நேரம் பேசியதில் ஏகாம்பரம் அண்ணன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

3. கேட்

பஸ் பறந்தது. படப்பை தாண்டும்போதே ஒன்றேகால். ஒரகடம் கூட்ரோட்டில் செகண்ட் ஷிப்ட் ஆட்கள் புளியமரத்து நிழலில் நின்று வசைபாடிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஜன்னல்களில் வரிசையாகப் புலித் தலைகளைக் கண்டதும் வசை நின்றது.

“இன்னா ஏகாம்பரம், காட்டையே ஏத்தினு வந்துட்டியா?”

“ஏறுய்யா மொதல்ல!”

பிள்ளைகள் மடிகளுக்கு மாறினார்கள். அப்பா இருந்தவர்கள் அப்பா மடி, இல்லாதவர்கள் யார் மடி காலியோ அந்த மடி. வல்லம் வடகாலில் அண்ணன் பிரேக் போட்டார். “தம்பி, பசங்கள எறக்கி வுட்டுட்டு போலாமா?”

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி: ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுப் பெரியவர் கையில் ஒப்படைத்த பிறகுதான் நாங்கள் நகர வேண்டும். நாற்பது கைகளை எங்கே தேடுவது? “யாரும் எறங்காதீங்க! நேரா கம்பெனிக்கு!” என்று அலறினேன். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் ஏது? ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ்ஸுக்குள் உறுமல்தான். நான் மட்டும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு மன்னிப்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். “தவறு முழுக்க என்னுடையது, டிரைவர் அப்பாவி, தேவையென்றால் என்னைப் போலீசில் ஒப்படையுங்கள்.” போலீஸ் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் அது எடுப்பாக இருந்தது.

கம்பெனி கேட்டை அடையும்போது இரண்டு மணி சைரன் ஊதி அரை மணி ஆகியிருந்தது. ராகவன் சார் கேட்டிலேயே நின்றிருந்தார். பஸ் நிற்கும் முன்பே குதித்தேன். ஒரு செருப்பு படிக்கட்டிலேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“சார், தவறு முழுக்க என்னுடையது! டிரைவர் அப்பாவி! வண்டலூர்ல புலி...”

“கத்தாதய்யா!” ராகவன் சார் அக்கம்பக்கம் பார்த்தார். “பஸ் எங்க போச்சு?”

“வண்டலூரு சார்.”

“எங்கயும் போகல.”

“சார்?”

“பஸ் எங்கயும் போகல. ஷெட்லதான் நின்னுது. செல்ஃப் எடுக்கல, தள்ளி ஸ்டார்ட் பண்ணாங்க, லேட்டாயிடுச்சு. புரியுதா?”

எங்களைத் தாண்டிப் போய் அவருக்குப் பின்னால் நின்றுவிட்ட, ‘ஷெட்டிலேயே நின்ற’ அந்தப் பஸ்ஸின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் புலிகள் எட்டிப் பார்த்து உறுமின. ராகவன் சார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்ட கழுத்து அது.

“புரிஞ்சுது சார்” என்றேன்.

செகண்ட் ஷிப்ட் உள்ளே போய், ஃபர்ஸ்ட் ஷிப்ட் வெளியே வந்தது. கோகிலாவின் அப்பா மகளைப் பஸ்ஸில் பார்த்து முதலில் திகைத்தார். விஷயத்தைக் கேட்டதும் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். ஒற்றைச் செருப்போடு ஒரு அடி பின்வாங்கினேன்.

“சார், அடுத்த டூரு எப்போ?”

“ஏங்க?”

“இல்ல, ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு தோழருங்கல்லாம் கேக்கறாங்க. அதுக்கும் ஒரு முழு மணி நேரம் லேட்டு பண்ண முடியுமான்னு.”

ஏகாம்பரம் அண்ணன் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ராகவன் சார் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்று மாலை அவர் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்.

நடந்தது இதுதான். கம்பெனி பஸ்ஸை மேலிடத்தைக் கேட்காமல், தன் பொறுப்பில் எங்களுக்குக் கொடுத்திருந்தார் ராகவன் சார். பஸ் லேட் என்று புகார் எழுதினால் அது எங்கே போயிருந்தது என்றும் எழுத வேண்டும். எங்கே என்று எழுதினால் யார் அனுப்பியது என்றும் எழுத வேண்டும். அவர் எழுதவில்லை. கான்ட்ராக்டர் காதுக்கு ஒன்றும் போகவில்லை. மறுநாள் விடியற்காலை ஏகாம்பரம் அண்ணன் அதே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒரகடம் கூட்ரோட்டில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டார்.