எதிரில் வந்த சைக்கிள்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நாலுவழிச் சாலையை ஒட்டிய தோட்டத்தில் குடியிருக்கும் அம்மாசி, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர் என்று பெயர் எடுத்தவர். மூன்று எருமை, ஒரு சைக்கிள், கேரியரின் இருபுறமும் இரண்டு பால் கேன். அதுதான் பிழைப்பு.

பால் சொசைட்டி அவர் தோட்டம் இருக்கிற பக்கமே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போக வண்டிகளுக்கு எதிராக மிதிக்க வேண்டும். முறையாகப் போவதென்றால் மேம்பாலத்தடியில் கடந்து ஊரையே சுற்றி வரவேண்டும். அப்படிச் சுற்றிப் போன பைத்தியக்காரன் ஊரில் ஒருவனும் இல்லை. “எதிர்லயே போயிட்டு வாரேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஊர் அது. சட்டமெல்லாம் லாரிக்கும் காருக்கும்தான், மிதிக்கிறவனையும் நடக்கிறவனையும் யார் கேட்பார்கள் என்பது எல்லோருடைய நினைப்பு. அம்மாசிக்கும் அதே நினைப்புதான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, டீக்கடை முன்னால் ஓரம்கட்டியிருந்த லாரியைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் நடுரோட்டுக்கு வந்தார். எதிரே ஒரு ஸ்கூட்டி. ஓட்டிவந்த பெண் அவரை இடிக்காமல் இருக்க வண்டியை ஒடித்தாள், சறுக்கி விழுந்தாள். அம்மாசி ஒரு காலை ஊன்றி நின்றார். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. பால்தான் கொஞ்சம் கொட்டிப் போயிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ரோட்டில் பால் ஓடினால் நம் ஊரில் வேறு விசாரணை தேவையில்லை. டீக்கடைப் பெரியசாமி, “புள்ளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். வயசானவருன்னு பாக்க வேண்டாமா?” என்று ஆரம்பித்தார். ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளோ மணிக்கட்டைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்து, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே, ஐயா?” என்று கேட்டாள்.

தப்பு என்மேல்தான் சாமி என்று சொல்ல அம்மாசி வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்தார்கள். குடித்துவிட்டார். கை ஒடிந்தவள் தரையில் கிடக்க, ஒன்றும் ஆகாதவன் நிழலில் நின்று சோடா குடித்தான். இதைவிட வெட்கங்கெட்ட காரியம் ஒன்று உண்டா? குடிக்கும்போது அது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சொசைட்டியில் பால் அளக்கிற அன்பரசு சிரித்துக்கொண்டே சேதி சொன்னான். “மாமா, உங்கள இடிக்க வந்துச்சே தேவிப்ரியா, அதை அவங்கப்பன் வேலைக்கே உடறதில்லையாமா. வண்டியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாராம். போலீசும் அது மேலயே கேசு போடப் போறாங்களாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாசி பால் ஊற்றிவிட்டு வெளியே வந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சின்னாயி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்று பொய் சொன்னார்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று உறுதியாகத்தான் கிளம்பினார். கொஞ்ச தூரம் மிதித்த பிறகு டயருக்கடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் உடைந்த ஸ்கூட்டிக் கண்ணாடியின் சில். அப்போதுதான் தெரிந்தது, இன்றைக்கும் எதிரில்தான் வந்துகொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லப் போகிற வழியில்கூட. தன் கால்களைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கி, சைக்கிளைத் திருப்பி, பாலத்தடி வரை தள்ளிக்கொண்டே போனார்.

ஸ்டேஷனில் தேவிப்ரியாவும் அவள் அப்பாவும் முன்பே வந்திருந்தார்கள். அவள் வலது கையில் மாவுக்கட்டு. அம்மாசியைக் கண்டதும் பெஞ்சைவிட்டு எழுந்து, “உக்காருங்க ஐயா” என்றாள்.

அவரால் உட்கார முடியவில்லை. ஏட்டு நிமிர்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். “ஏனுங்க, தப்பு எம்மேலதானுங்க. நான் எதிர்ல வந்தனுங்க. லாரியச் சுத்தி, பாக்காம உள்ள பூந்துட்டனுங்க. புள்ள அதும்பாட்டுக்கு நேராத்தான் வந்துச்சு.”

“சாட்சியெல்லாம் வேற மாதிரி சொல்லியிருக்கறாங்களே?”

“அவங்க பாலத்தான் பாத்தாங்க. ரோட்டப் பாக்கல.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். “பெரியவரே, யோசிச்சுத்தான் பேசறீங்களா? சைக்கிளும் வண்டிதான். எதிர்ல வந்து ஒருத்தர் கை ஒடிஞ்சா, மிதிச்சவன் மேலயும் கேசு வரும்.”

“வரட்டுங்க.”

சொன்னதும் மனசு லேசாகிவிடும், அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்வாள், பரவாயில்லை ஐயா என்பாள் என்று அம்மாசி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு அந்த ஆசை வேறு அவருக்கு.

தேவிப்ரியா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டுப் போடாத இடது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“சாவியக் குடுங்கப்பா.”

அவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அம்மாசி நின்றுகொண்டே இருந்தார். இந்தமுறை உட்காரச் சொல்ல யாரும் இல்லை.