ராணி கூவிய மாலை

தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் முப்பது வருஷம் ரிசப்ஷனில் இருந்தவர் சத்தியநேசன். படியேறி வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். அவரே சொல்லிக்கொண்டதுதான். அந்த அபூர்வக் கண் ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்குமா? நேமத்து வீட்டு மொட்டை மாடியில் ஐந்து சில்க்கிக் குஞ்சுகளை வாங்கி விட்டார்.

சில்க்கி, இறகுக்குப் பதில் பஞ்சை ஒட்டிவைத்தது போன்ற கோழி. ஐந்து மாதம் ஆகும்வரை சேவலா பெட்டையா என்று விற்றவனுக்கே நிச்சயமில்லை. சத்தியநேசனுக்கோ தெரிந்தே ஆகவேண்டும். சேவல் கூடாதென்று தெரு அசோசியேஷன் செக்ரட்டரி ஷிபு கறாராகச் சொல்லியிருந்தான்.

“பெட்டைன்னா குழப்பமில்ல சேட்டா. பூவன் ஒண்ணு கூவினா, அன்னைக்கே அதை இங்கேருந்து மாத்திரணும்.”

எது போனாலும் ராணி போகக்கூடாது. டிவியில் செய்தி முடியும்வரை அவர் மடியில் கண்மூடிக் கிடக்கும் வெள்ளைக் குஞ்சு அது. மூன்று பெண்களைப் பெற்றவர், ஒன்றையும் அப்படி மடியில் வைத்திருந்ததில்லை.

“அடங்கி இருந்தா பெட்டை. முண்டிக்கிட்டு நின்னா சேவல். இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?” என்றார் மனைவி ராகேலிடம்.

அவரோடு முப்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியவள் ராகேல். மீன் கழுவப் போய்விட்டாள்.

தீனித் தட்டில் ஏறி மிதித்த ஒன்றும், அவர் விரலைக் கொத்திய ஒன்றும் சேவல் என்று தீர்ப்பாயின. அவற்றைக் கொண்டுபோக விழிஞ்ஞத்திலிருந்து இளைய மகள் ஷெமி கூடையோடு வந்தாள்.

“அப்பா, இதுகளுக்குத் தலைப் பஞ்சு பந்து மாதிரி உருண்டு இருக்கு. பெட்டைதான். உங்க ராணிக்குத்தான் பின்னால சீவிவிட்டது மாதிரி நீளுது.”

“அது அதுக்க ஸ்டைலு. நேத்து பிறந்தவ எனக்குப் படிப்பிக்க வந்துட்டா!”

இரண்டு ரவுடிகளும் விழிஞ்ஞத்துக்கு பஸ் ஏறின.

ஓணக் கொண்டாட்டத்துக்கு அழைக்க ஒரு மாலை ஷிபு வந்தான். ராகேல் சாயா கொடுத்தாள். சத்தியநேசன் மடியில் ராணியைத் தடவியபடி, கோழியை இனம்பிரிக்கும் கலையை விளக்கிக்கொண்டிருந்தார். ராணி எழுந்தது. கழுத்தை நீட்டியது. உடைந்த குரலில், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கூவியது.

“தீனி தொண்டையில சிக்கியிருக்கும்” என்றார் சத்தியநேசன்.

ராணி இன்னொரு தடவை கூவியது. ஷிபு சாயாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சட்டம் சட்டம்தான் என்றும் சொன்னான்.

ஃபோன் போட்டதும் ஷெமி வந்தாள். வந்தவள் முதலில் காட்டியது ஃபோனில் இருந்த படத்தை. விரலைக் கொத்திய ரவுடி முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

சத்தியநேசன் படத்தைப் பார்க்கவில்லை. ராணியைத் தன் கையாலேயே கூடையில் வைத்தார். “கறி வச்சிராதே மோளே” என்றபோது குரல் உடைந்தது. அவமானத்தைவிட அந்தப் பிரிவுதான் அவருக்கு வலித்தது.

ஆட்டோ போனபிறகு வெறும் மடியோடு நாற்காலியில் இருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ராகேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தாள்.

“என்ன, மூச்சுக் காட்டாம அடங்கி இருக்கீங்க? உங்க கண்ணுக்கு இப்போ நீங்க எதுன்னு தெரியுது?”