நாலு பேருக்கு ஒரு சஹன்

அந்தப் பேச்சை இளமதியால் இன்றும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல முடியும். சிதம்பரம் கீழவீதியில் தேவநாதன் நடத்தும் டிராவல்ஸ் அலுவலகத்தில் அவள் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது மழைக்காலம் அது. நெய்னா முகம்மது குடையை வாசலிலேயே உதறி மடக்கிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி சபுரா. இருவரும் பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

"பாலைவனத்துக்குப் போவணும்மா," என்றார்.

துபாயா சார், டிக்கெட் மட்டுமா, விசாவும் சேர்த்தா என்று இளமதி கேட்டாள்.

"அந்தப் பக்கத்துலதாம்மா என் பாதி ஆயுசு போச்சு. மறுபடி அவ்ளோ தூரம் போவ ஒடம்பு இடம் குடுக்காது. நம்ம நாட்டுலயே இருக்குதாமே, ராஜஸ்தான்ல."

குரல் கேட்டுத் தேவநாதன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "ஏன் மச்சான், சாமியார்பேட்டையில மணலு தீந்துபோச்சா?"

"மணலு இருக்குது மச்சான். பக்கத்துல கடலு வந்து நின்னுக்கிட்டு கெடுக்குது."

சபுரா மட்டும் சிரிக்கவில்லை. நெய்னா நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, தனக்கு என்ன வேண்டும் என்பதை நிதானமாகச் சொன்னார். "பொழுது சாயுற நேரம், மணல்ல ஒக்காந்து, நானு, இவ, புள்ளைங்க ரெண்டு பேரு. ஒரே சஹன்ல சோறு, ஆட்டுக்கறி ஆணம். கறி ஹலாலா இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"கறியெல்லாம் வேணாம்மா," என்று சபுரா குறுக்கிட்டார். "சைவமே போட்டுடு. தெரியாத ஊர்ல நம்மால அவுங்களுக்கு என்னாத்துக்கு செரமம்."

நெய்னா மனைவியின் பக்கம் திரும்பவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி, "ஜனவரிக்கு முன்னாடி," என்று மட்டும் சொன்னார்.

அன்று அவர்கள் போன பிறகும் இளமதி கணினியில் சாப்பாடு என்ற கட்டத்தை நிரப்பாமலே வைத்திருந்தாள்.

ஜனவரி ஏன் என்பதை அவருடைய மகள் ரிஸ்வானா போனில் சொன்னாள். அவள் கடலூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக்கொண்டு வந்தன. ஜனவரியில் கையில் ஒரு சின்ன ஆபரேஷன், அதன் பிறகு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று தடவை கடலூருக்கு வந்து மெஷினோடு படுத்திருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் ஊரை விட்டு நகர்வது நடக்காத காரியம். அதற்கு முன் ஒரு தடவை, அலட்டிக்கொள்ளாமல் போய் வரலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். அந்த ஒரு தடவைக்கு அவர் தேர்ந்தெடுத்தது அஜ்மீரும் இல்லை, ஊட்டியும் இல்லை. மணல்.

நெய்னா சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். பாலைவனத்துக்கு நடுவே ரோடு போடும் கேம்ப்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது வேலை. வழியில் ஒன்றுக்குப் போக நிறுத்த இடம் கிடையாது என்பதால் தான் மட்டும் குடிக்காமலே ஓட்டுவார். வியாழக்கிழமை மாலைகளில் டிரைவர்கள் சேர்ந்து ஆடு வாங்குவார்கள். ஒரு பட்டாணியர், ஒரு சூடான்காரர், ஒரு மலையாளி, இவர். யாராவது ஒருவர் பிஸ்மி சொல்லி அறுப்பார். மணலில் பாய் விரித்து, நடுவில் பெரிய தாம்பாளத்தை வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கைபோட்டுச் சாப்பிடுவார்கள். அதைத்தான் சஹன் என்பது. பரங்கிப்பேட்டைக் கல்யாணங்களிலும் அதே வழக்கம்தான், ஆனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லீவில் வரும்போதோ அவர் வீட்டில் விருந்தாளி, அவருக்கு மட்டும் தனித் தட்டு. அதனால் உலகத்தில் இத்தனை பேரோடு ஒரே சஹனில் சாப்பிட்ட மனிதர், தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு தடவைகூட அப்படி உட்காரவில்லை.

தேவநாதனுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காசிக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் சமையல்காரரோடு ஆள் கூட்டிப்போய்ப் பழகியவர் அவர். சைவம் என்று போட்டுவிட்டால் எல்லா மதத்துக்கும் பொருந்தும், தலைவலி இல்லை என்பது அவர் அனுபவம். சபுராவும் அதைத்தானே சொன்னார் என்றார். தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாரும் கேட்பதற்கு முன்பே "எங்களுக்குச் சாம்பார் சாதம் போதும்" என்று சொல்லிவிடும் குடும்பம் நெய்னாவுடையது.

இளமதி அதிகம் பேசுகிறவள் இல்லை. சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், ஜெய்சல்மேர் பக்கத்துக் கூடார முகாம்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்ய ஆரம்பித்தாள். பள்ளியில் படித்த ஆங்கிலம் அங்கே உதவியது. ஒருவர், ஹலாலா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் ஹலால்தான் மேடம் என்றார். எங்களிடம் பன்னீர்கூட ஹலால்தான் என்று சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு ரிஸ்வானா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அறுப்பது யார், அல்லாஹ் பெயர் சொல்லி அறுப்பாரா, சட்டி தனியா. இந்த மூன்றையும் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு முகாம்காரர் உள்ளதைச் சொன்னார். எங்கள் அடுப்பில் சைவம்தான், ஆனால் எங்களுக்கு ஒட்டகம் கொண்டுவருகிற சுமார் கான் என்பவர் முஸ்லிம், அவர் வீடு மணல்மேட்டுக்குப் பின்னால்தான், அவரிடம் பேசிப் பாருங்கள் என்றார். சுமார் கானுக்கு ஆங்கிலம் வராது. இளமதிக்கு இந்தி வராது. நெய்னாவை அலுவலகத்துக்கு வரவழைத்து, போனை மேசை நடுவில் வைத்தாள்.

அன்று அவள் கேட்டது வேறொரு மனிதரின் குரல். பட்டாணியரிடம் கற்ற இந்தியில் நெய்னா உரக்கப் பேசினார், அதட்டினார், இடையே சிரித்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. சுமார் கான் அன்றே ஆடு அறுப்பார், அவர் மனைவி சமைப்பார், நாலு பேர் சாப்பிடும் தாம்பாளம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு நெய்னா எழுந்தார். "வரச் சொல்றாரும்மா," என்றார், யாரோ பல வருடம் கழித்துக் கூப்பிட்டதுபோல.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சபுரா தனியாக வந்தார். துணிக்கடைக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றார். கையில் துணிக்கடைப் பை எதுவும் இல்லை. காலையில் நெய்னாவின் கால் வீங்கியிருந்ததையும், கறியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மறுபடி கண்டித்ததையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒட்டகக்காரரு முடியாதுன்னுட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. நீ சொன்னா நம்புவாரு."

நீங்களே அவரிடம் வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்று இளமதி மெல்லக் கேட்டாள்.

"எனக்கு அது பழக்கமில்லம்மா. அவரு அங்கேருந்து நல்லாருக்கேம்பாரு. நான் இங்கேருந்து நல்லாருக்கோம்பேன். மவன் இல்யாஸுக்கு டைபாய்டு வந்து பொழைப்பானா மாட்டானான்னு கெடந்தப்பயும் அதான் சொன்னேன். அவரு லாரி கவுந்து விலா ஒடஞ்சத, லீவுல வந்தப்ப தழும்பப் பாத்துதான் நான் தெரிஞ்சிக்கிட்டேன். அப்படியே குடும்பம் நடத்திட்டோம்."

அந்தப் பொய்யைச் சொல்வது சுலபம். சொன்னால் நெய்னாவின் உடம்புக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் போன் பேசிவிட்டு எழுந்தபோது அவர் முகம் இருந்த விதம் அவளுக்குள் நின்றது. "என்னால முடியலம்மா," என்றாள். "நீங்க வந்தத நானா சொல்ல மாட்டேன். ஆனா அவரு கேட்டா, சுமார் கான் சொன்னதத்தான் சொல்லுவேன்."

சபுரா, முன்னால் வைத்திருந்த டீயைத் தொடாமல் எழுந்து போனார். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று தேவநாதன் அலுத்துக்கொண்டார். இளமதிக்கும் தான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. அங்கே போய் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி எழுதி வைத்தாள்.

பயணத்துக்கு முன்தினம் நெய்னா போன் செய்தார். "சுமார் கானுக்குச் சொல்லிட்டேம்மா. எனக்கு உப்புப் போடாம ஒரு துண்டு. மத்தது அவுங்க மூணு பேருக்கு."

பின்னாலிருந்து சபுராவின் குரல் கேட்டது. "ஒரு துண்டுதான். சின்னத் துண்டு."

அங்கே நடந்ததை ரிஸ்வானா திரும்பி வந்து சொன்னாள். வாப்பாவை இரண்டு பக்கமும் பிடித்துத்தான் மணலில் உட்கார வைத்தார்கள். காற்று அடித்துச் சோற்றில் மணல் விழுந்தது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுத்துச் சாப்பிட வேண்டும், நல்ல துண்டை மற்றவர் பக்கம் தள்ள வேண்டும், அதுதான் சஹனின் முறை. தன் பக்கம் இருந்த கறியையெல்லாம் வாப்பா மூன்று பேர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தார். உம்மா தனியே வைத்திருந்த அந்த ஒரு துண்டைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தார். அதை அவர் வெகுநேரம் மென்றார். பிறகுதான் விலா உடைந்த கதையை அவர் வாயாலேயே சொன்னார். உம்மா டைபாய்டைச் சொன்னார். தாம்பாளம் காலியான பின்பும் யாரும் கை கழுவ எழுந்திருக்கவில்லை.

ஜனவரியில் ஆபரேஷன் முடிந்து, இடது கையில் கட்டோடு நெய்னா அலுவலகத்துக்கு வந்தார். சபுரா வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். சுமார் கான் எல்லாருக்கும் சலாம் சொன்னதாக நெய்னா சொன்னார். மேசையோரத்தில் வலது கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சபுரா எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்கிட்ட வந்தது, நீ மாட்டேன்னது, எல்லாம்."

இளமதி எழுந்து நின்றாள்.

"செவ்வாக்கெழம கடலூர்ல டாக்டரப் பாக்கணும். எங்கிட்ட தமிழ்ல பேசுவாரு, நல்லாருக்கீங்க பாய்ம்பாரு. அப்பறம் ரிஸ்வானா பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல பேசுவாரு. அந்தப் புள்ள எனக்குப் பாதிதான் சொல்லுது, மீதிக்கு ஜன்னலப் பாக்குது. நீ ஒரு தடவ எங்ககூட வரியாம்மா? அவரு சொல்றத, கூட்டாம கொறைக்காம, எனக்குச் சொல்லு."