புளியில் போன முகம்

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், பெருமாட்டியில் எங்கள் வீட்டை அடுத்த தென்னந்தோப்பில் கிணறு வெட்டினார்கள். பழைய கிணறு வற்றி, மரங்கள் குரும்பைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. இருபதடி இறங்கியபின் பக்கச் சுவரில் படி வெட்டும்போது ஒரு சிறு மண்கலயம் உடைந்தது. உள்ளே ஏழு வெண்கலக் காசுகள். ஆறில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதை அளந்தேன்: குறுக்களவு முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் முடி தரித்த தலை, சுற்றிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போன்ற எழுத்துகள். மறுபக்கம், குதிரையோடு சரியும் ஒருவனை ஈட்டியால் குத்தும் வீரன்.

"மூக்கப் பாருங்ணா, அச்சு அசல் நம்ம வில்லேஜாபீசருங்க. வரி கேக்கற மூஞ்சி" என்றார் தோப்புக்காரர்.

அவர் மனைவி பார்த்தது மறுபக்கத்தை. "அசுரனக் குத்தறாளுங்க. ஆத்தாதான்" என்று சாமி மாடத்தில் வைக்கக் கை நீட்டினார். கொடுக்கும் முன் என் டைரியில் ஒரு தாளைக் கிழித்துக் காசின் மேல் பரப்பி, பென்சிலால் தேய்த்து இரு பக்கங்களையும் பதிந்துகொண்டேன். தோப்புக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த சரித்திர ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் போட்டதும் நான்தான். பதில் வந்தது. ரோமானிய மன்னரின் காசாக இருக்கலாம், நேரில் வருகிறேன். உருவம் தெளிவாக இருந்தால் தொல்பொருள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் வந்து பார்க்கும்வரை அங்கே மண்ணைத் தொடக் கூடாது.

படித்துக் காட்டினேன்.

"எத்தன நாளாகுமுங்ணா?" என்றார் தோப்புக்காரர்.

"மாசக்கணக்கா ஆகலாமுங்க."

"அதுவரைக்கும் மரம் நிக்குமுங்களா?"



ஆசிரியர் வந்த அன்று, அந்த அம்மாள் காசை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். புதுக் குத்துவிளக்குப் போல மின்னியது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தார். தலையும் இல்லை, குதிரையும் இல்லை.

"ஏனுங்க இப்படிப் பண்ணீட்டீங்க?" என்றார் ஆசிரியர்.

"விருந்தாளி கையில களிம்போட குடுக்கறதுங்களா?"

ஆசிரியர் காசைத் திருப்பித் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இதுல படிக்க ஒண்ணுமில்லைங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி யாராச்சும் வரைஞ்சு கிரைஞ்சு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

தோப்புக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. கிணற்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றேன்.

டைரியில் அன்றைய குறிப்பு மூன்று வரி: ஆசிரியர் வந்தார். காசில் உருவம் இல்லை. மோர் குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதவில்லை. பென்சில் பதிவு அதற்குச் சில பக்கங்கள் முன்னால், தேதி போட்டு, ஒட்டாமல் கிடக்கிறது. ஆசிரியர் வந்துபோன பதினோராம் நாள் எழுதியிருப்பது: முப்பத்தாறாவது அடியில் ஊற்று, கிழக்குப் பக்கத்திலிருந்து.