புளி போடாத கருணை

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். ர எது, ற எது என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் யாரும் நம் வீட்டில் ஏன் கை நனைப்பதில்லை என்று மகள் கேட்டாள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மேற்கே, மலையடியில் காட்டுக் கருணை முளைக்கும். கோடை மழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூ வரும். கருஞ்சிவப்பு. செத்த எலி நாற்றம். மாடு மேய்க்கிற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நான் ஓடாமல் நின்று, பூவைச் சுற்றிக் கல் அடுக்கி அடையாளம் வைத்தேன். பிறகு இலை வந்து குடையாக நின்றது. தை மாதம் அது வாடி விழுந்ததும் தோண்டினேன். என் தலை அளவு கிழங்கு. அப்பா இறந்த பிறகு வீட்டில் வாய்க்கு ருசியாக எதுவும் ஆக்கவில்லை. அதனால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பெரியப்பா வருவதாக இருந்தது. அப்பாவின் பங்குத் தோட்டத்தைத் தன் பேருக்கு மாற்ற அவருக்கு அம்மாவின் கைநாட்டு வேண்டும். எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தோட்டம் ஒன்றுதான். எங்கள் பக்கம் புருஷனின் அண்ணனிடம் பெண்கள் நேராகப் பேச மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று அம்மா என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். முடியாது என்கிற சொல்லை மட்டும் அப்படிச் சொல்லி அனுப்ப வழியில்லை.

கருணையைப் புளி ஊற்றி வேகவைக்காவிட்டால் தொண்டை அரித்து வீங்கும். பானை நிறையப் புளி இருந்தும் அம்மா அதைத் தொடவில்லை. நான் நினைவுபடுத்தினேன்.

"ஒன் சோலியப் பாருலே" என்றாள். மிளகும் தேங்காயும் அரைத்துப் புரட்டினாள். மணம் தெருவரை போனது.

பெரியப்பா மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். "பேப்பரு இருக்கட்டும்லே. மொதல்ல கைய நனைச்சுக்கிருவோம். ஒரு சோத்துல கைய வச்சுட்டா அப்பறம் வம்பு தும்பு கெடையாது" என்று, கதவைப் பார்த்து என்னிடம் சொன்னார்.

அம்மா அவருக்கு இலை போட்டாள். எனக்கும் தங்கச்சிக்கும் ரசச்சோறு. கருணை கேட்டேன். தொடையில் கிள்ளினாள்.

"ஒங்க ஆத்தாளும் திங்கட்டுமேலே. நான் மட்டுமா?" என்றார் பெரியப்பா.

அம்மா கதவோரம் உட்கார்ந்து அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். அவர் முன்னால் அவள் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

அரிப்பு உடனே தெரியாது. "பக்குவம்னா இதுதேன்" என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் செருமினார். தண்ணீர் குடித்தார். கண் கலங்க அம்மாவைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பொம்பளை தின்பதைத் தன்னால் தின்ன முடியவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இலையைக் காலி செய்துவிட்டு எழுந்து, பையைத் திறந்து, வாயையும் திறந்தார். காற்றுதான் வந்தது.

"பெரியப்பா என்னமோ சொல்ல வந்தாக. என்னான்னு கேளுலே" என்றாள் அம்மா. அவள் குரலும் கரகரத்தது.

நான் கேட்கவில்லை. அழுதேன். "நான் தோண்டுன கெழங்கு. எங்களுக்கு ஒரு துண்டு கூடத் தரல."

பெரியப்பா என் தட்டைப் பார்த்தார். தங்கச்சி தட்டைப் பார்த்தார். பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவர் சபதம் போட்டதால் காகிதமும் திரும்ப வரவில்லை. தோட்டம் தங்கியது. ஆனால் சோற்றில் வஞ்சம் வைக்கிறவள் என்கிற பேர் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. தோட்ட வேலைக்கு ஒருவரும் துணை வராததால் என் பள்ளிக்கூடம் நின்றது. தங்கச்சி கல்யாணத்தில் பந்திக்கு விரித்த இலைகள் காய்ந்து சுருண்டன. போன கார்த்திகையில் அம்மா இறந்தபோது வந்தவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு பல நாள் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. உதடு வீங்கிக் கிடந்தது. எங்களுக்குத் தராமல் தின்றதற்குச் சாமி கொடுத்த கூலி என்று தங்கச்சியிடம் சொன்னேன். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்தது: மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.